நான் பூசி மூடிய பொந்து

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதக் கடைசியில், உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. நான் கொத்தனார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் கரண்டி பிடிக்கிறேன். பெரிய கட்டடம் எதுவும் கட்டியதில்லை. பழைய வீட்டுக்குப் பூச்சு, ஒரு ரூம் கூட இழுத்துக் கட்டுவது, காம்பவுண்டு, இப்படித்தான் என் பிழைப்பு.

அந்த வீட்டு அக்கா வயல் வேலைக்குப் போகிறவர். கணவர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், எட்டு மாதம். பிள்ளை பிறப்பதற்குள் பின்சுவரைப் பூசிவிட வேண்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். ஏரியைப் பார்த்த சுவர் அது. மண் வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவர். எட்டிப் பிடிக்கிற உயரத்தில், அந்தக் காலத்தில் சாரம் கட்ட விட்ட ஓட்டை ஒன்று பெரிய பொந்தாகக் கிடந்தது.

பொந்தை அடைக்காமல் பூச முடியாது. ஒரு வேப்பங்குச்சியை உள்ளே விட்டேன். உஸ்ஸென்று ஒரு சீறல். குச்சியைப் போட்டுவிட்டு ரெண்டு அடி பின்னால் வந்துவிட்டேன். மறுபடி காது கொடுத்தால் மறுபடியும் அதே சீறல். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது.

"பாம்புதான் மேஸ்திரி. கொயந்த வரப்போற வூடு. மூடிடுங்க."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் கலவை போட்டாகிவிட்டது, காய்ந்துவிடும். அரைச் செங்கல் ரெண்டை வைத்து இறுக்கி, மேலே கலவை அடித்து, மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் அங்கே பொந்து இருந்ததற்கு அடையாளமே இல்லை. நல்ல வேலை செய்தோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முன்பக்கத்தில் சில்லறைப் பூச்சு வேலை. அந்தப் பெண் பின்வாசல் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். மத்தியானம் என்னிடம் வந்து, ஒரு குருவி காலையிலிருந்து அந்தச் சுவரிலேயே வந்து வந்து மோதுகிறது என்றாள். போய்ப் பார்த்தேன். கொண்டலாத்தி. எங்கள் பக்கம் கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். செம்மண் நிறம், இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை, தலையில் விசிறி மாதிரி கொண்டை. நீண்ட மூக்கில் ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு, நான் பூசிய இடத்தில் தொற்றப் பார்த்து, பிடி கிடைக்காமல் வழுக்கிக் கீழே வந்தது. ஈரப்பூச்சில் பூச்சி ஏதாவது தேடும் என்று சொல்லிவிட்டு, அதே சுவருக்கு ரெண்டு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை நான் போனபோது அந்தப் பெண் சுவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள், கையில் கடப்பாரை. அக்கா அதைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ராத்திரி சாப்பிடவே இல்லை என்று அக்கா என்னிடம் முறையிட்டார்.

அவள் சத்தம் போடவில்லை. "அது ஜோடி உள்ள கீது அண்ணா. வெறும் சுவத்துக்கா ரெண்டு நாளா புழு கொண்டாந்துகினு கீது?"

கடப்பாரையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உளியையும் சுத்தியையும் எடுத்தேன். நான் இறுக்கி வைத்த செங்கல் லேசில் வரவில்லை. என் வேலை அவ்வளவு உறுதி.

முதல் செங்கல்லுக்குப் பின்னாலேயே தாய் கிடந்தது. கொண்டை மடிந்து, இறக்கை விரிந்து. வெளிச்சம் வந்த பக்கத்தையே பார்த்துக் கிடந்தது. அதன் மூக்கு நுனியில் என் கலவை ஒட்டிக் காய்ந்திருந்தது. கலவை ஈரமாக இருந்த நேரத்தில் செங்கல் சந்தில் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறது. அதற்குப் பின்னால் நாலு குஞ்சுகள். மூன்று விறைத்துப் போயிருந்தன. ஒன்றுக்கு மட்டும் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். விரலைத் தண்ணீரில் நனைத்து வாயோரம் வைத்தாள். அது வாயைத் திறக்கப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது.

பாம்பு என்று நினைத்துத்தான் மூடினேன், சத்தம் அப்படி இருந்தது என்று நான் ஏதேதோ சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாம்போ குருவியோ, உள்ள ஒரு உசுரு கீதுன்னு தெரிஞ்சிதான மூடினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குருவி என்று தெரியாமல் செய்த தப்பு என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தது பாதிதான்.

எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் புதைத்தேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று அக்கா அழுதார், பொந்தை உடனே அடைத்துவிடச் சொன்னார். மகள் கூடாதென்று ஒரே பிடியாக நின்றாள். அப்படியே விட்டோம். நான் ஓரங்களை மட்டும் பூசிக்கொண்டிருந்தபோது ஆண் குருவி வந்தது. பொந்துக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே புழுவோடு வெளியே வந்து உட்கார்ந்தது. கரண்டியை வைத்துவிட்டு நான் முன்பக்கம் போய்விட்டேன். அதற்கப்புறம் ரெண்டு நாள் வந்ததாம். பிறகு வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பேர் வைக்கக் கூப்பிட்டார்கள், போனேன். குழந்தையை என் கையில் கொடுத்தாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. எனக்குத்தான் பொந்தை மூடிய அந்தக் கையால் வாங்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பொந்தில் யாராவது கை வைத்தால் கொண்டலாத்தியும் அதன் குஞ்சுகளும் பாம்பு மாதிரிச் சீறுமாம், பயந்து போய்விடட்டும் என்று. குஞ்சு சின்னதாக இருக்கும்வரை தாய் வெளியே வராதாம், ஆண்தான் இரை கொண்டுவருமாம். நானும் பயந்தேன்தான். ஆனால் போகவில்லை.

இப்போது பழைய சுவரில் கை வைக்குமுன் ஒரு நாள் முழுக்கத் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன். கூடு இருந்தால் குஞ்சு பறக்கிறவரை அந்தப் பக்கம் பூசுவதில்லை. புதுச் சுவர் கட்டும்போது வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால், பின்பக்கம் உயரத்தில், பூனைக்கு எட்டாதபடி, வாய் சிறுத்த மண்கலயம் ஒன்றைச் சுவருக்குள் படுக்க வைத்துக் கட்டுகிறேன். காம்பவுண்டு அடியில் தவளையும் ஓணானும் போய்வர ஒரு சாண் சந்து விடுகிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். பாம்பு வந்து குடியேறவா என்று ஒருவர் வேலையை விட்டே அனுப்பினார். சில கலயங்களில் மைனா குஞ்சு பொரித்திருக்கிறது. கொண்டலாத்தி இதுவரை ஒன்றிலும் வரவில்லை.

எத்தனை வீடு கட்டினாய் என்று யாராவது கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவேன். அந்த மாசிக்கு முந்தைய வருஷங்களில், குச்சிகூட விட்டுப் பார்க்காமல் எத்தனை பொந்துகளை அடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.