றொசாந்தியின் முதல் வியாபாரம்

குருநகர் றொசாந்திக்குக் கை சும்மா இருக்காது. புருஷன் லெனாட் கிழிந்த வலை பொத்த வாங்கி வைத்திருந்த புது நைலோன் நூலில், கடைச்சாமான் போட்டுவரும் பைகளாகப் பின்னிக் குவித்துவிட்டாள்.

"சனிக்கிழமைக்குள்ளை ஒரு கடைக்காரனெண்டாலும் உந்தப் பையளை எடுக்கவேணும். இல்லாட்டி மிச்ச நூல் வலைக்குத்தான்" என்று லெனாட் தவணை சொல்லிவிட்டான். அவளுக்கு ஒரே ஆசைதான். தான் பின்னிய பை யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றின் வாசலில் தொங்கவேண்டும்.

மீன் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு விடிந்தபின் போவதெல்லாம் பிந்திப் போவதுதான். ஆகவே கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றாள். சாமிப்படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்த முதலாளிமார் அவள் பையை நீட்டியதும் பதறிப்போனார்கள்.

"இன்னும் முதல் வியாபாரமே நடக்கேல்லை. அதுக்குள்ளை என்னட்டை விக்க வந்திட்டியளோ? போங்கோ, போங்கோ!"

நல்லகாலம், ஊதுபத்தியால் சுடவில்லை.

பத்து மணிக்குப் போயிருக்கலாம். ஆனால் அது மற்றவர்களுக்கு வரும் புத்தி. றொசாந்தி, தானே முதல் வியாபாரம் ஆகிவிடுவதென்று முடிவு செய்தாள். ஒரு கடையில் கற்பூரம் வாங்கினாள். அவள் வீட்டில் மாதாவுக்கு மெழுகுதிரிதான். இன்னொரு கடையில் எலிப்பொறி வாங்கினாள். முதலாளிமார் வாயெல்லாம் பல்லாகக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பையைக் காட்டினால் மட்டும், "பிறகு பாப்பம், தங்கச்சி."

"நீ கடைக்குச் சாமான் குடுக்கப் போறியோ, கடையைக் கொஞ்சம் கொஞ்சமா வீட்டை கொண்டாறியோ?" என்று கேட்டான் லெனாட். அவளுக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மிஞ்சியது கனகசபாபதியின் கடை ஒன்றுதான். மனிதர் சரியான கறார். பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட நாய்ச்சங்கிலியை எடுத்து நீட்டினாள். வீட்டில் நாய் கிடையாது.

"சொப்பிங் பாக் வேணுமெண்டால் அதுக்குக் காசு வேறை" என்றார் அவர்.

"உதுக்குமோ?" றொசாந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேலையையே மறந்து, மூட்டைக்குள்ளிருந்து தன் பையொன்றை உருவிச் சங்கிலியை அதற்குள் போட்டாள்.

பின்னால் நின்ற ரீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "உது எங்கை வாங்கினனீங்கள்?"

"நான் பின்னினது, ரீச்சர்."

"அப்ப எனக்கும் ரண்டு தாங்கோ."

வாசலில் சைக்கிளை நிறுத்தியவரும் தனக்கொன்று கேட்டார். கனகசபாபதியின் முகம் கறுத்தது.

"தங்கச்சி, என்ரை கடைக்குள்ளை நிண்டு நீங்கள் வியாபாரம் செய்யிறியள்!"

"குறை நினையாதேங்கோ, ஐயா. நான் றோட்டிலை நிண்டு விக்கிறன்." மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். ரீச்சரும் சைக்கிள்காரரும் பின்னாலேயே போனார்கள். கடை வெறுமையாகிவிட்டது.

"பொறுங்கோ, பொறுங்கோ!" முதலாளி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். "மூட்டையை இஞ்சை வையுங்கோ. முழுக்க நானே எடுக்கிறன்."

அவள் கையிலிருந்த பையைக்கூட அவர் விடவில்லை. சங்கிலியை வெளியே எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பையையும் மற்றவற்றோடு வாசலில் கொழுவினார்.

றொசாந்தி தெருவின் மறுபக்கம் போய் நின்று பார்த்தாள். சந்தோசத்தில் கண் கலங்கியது. வந்த பஸ்ஸையும் தவறவிட்டாள்.

வெறுஞ்சங்கிலியோடு வந்தவளை லெனாட் மேலும் கீழும் பார்த்தான்.

"நாய் எங்கை?"

"நாயும் இல்லை, பையும் இல்லை. எங்கை அந்த மிச்ச நூல்?"