லூரியா சேர்க்கச் சொன்ன பெயர்

அவித்த கடலையை அகப்பையில் அள்ளி, ஊதி, ஒன்றை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு தூங்குது" என்கிறாள் லூரியா. கூடிப்போனால் "உப்பு கத்துது" என்பாள். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ரோமாபுரியில் சுபுரா இறக்கத்தில், செருப்புத் தைக்கிறவர்களைத் தாண்டினால் அவள் சாப்பாட்டுக்கடை. என் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட வீட்டில், மூத்த ஓரகத்திக்கு மூன்றாவது மகள். எனக்குத் தங்கை முறை. வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "ஏ பூண்டு, தள்ளி உக்காரு!" "என்ன பன்னிக்கால், பொண்டாட்டி தொரத்திட்டாளா?" அவரவர் தின்பதுதான் அவரவர் பெயர்.

கல்லாவுக்கு மேலே பேரரசர் முகம் எழுதிய பலகை ஒன்று தொங்கும். இருபது வருஷத்துக்கு முன் ஒரே வருஷத்தில் நாலு பேர் பட்டத்துக்கு வந்தார்களே, நாலு பேருக்கும் அதே பலகைதான். "மூக்கை மட்டும் மாத்துனேன் அண்ணே. மூணாவது ஆளுக்குக் கன்னத்தைக் கொஞ்சம் ஊத வச்சேன். மத்தபடி எல்லாரும் ஒரே ஆளுதான்."

அந்த வருஷத்துக் கதையைக் கால்வென்டியுஸ் என்ற பெரிய மனிதர் எழுதி முடித்து, மண்டபத்தில் ஆள் வைத்து வாசிக்க ஏற்பாடு செய்தார். பெஞ்சு நிரம்ப வேண்டாமா? அவருடைய காரியக்காரன் திரோபிமுஸ் எங்கள் தெருவுக்கு வந்தான். "நான் துண்டை உதறுவேன், நீங்க கை தட்டணும். சாயங்காலம் சாப்பாடு உண்டு."

"யாரு சமையலு?" என்றாள் லூரியா.

"எங்க வீட்டுச் சமையலு."

"அப்ப அதுக்குத் தனியாக் கை தட்டச் சொல்லுவியோ?"

முதல் நாள் நன்றாகவே தட்டினாள். மறுநாள் வாசிப்பு, படை ஊருக்குள் நுழைந்து தெருத்தெருவாக அடித்துக்கொண்ட கதை என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே கால்வென்டியுஸ் வீட்டு வாசலில் பல்லக்குகள். அந்த வருஷம் கட்சி மாறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், எல்லோரும் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்ச வந்தவர்கள். லூரியாவும் போய் நின்றாள். துணைக்கு நான்.

உள்ளே விட்டதே பெரிது. "உன் பேரையும் எடுக்கணுமாம்மா?" என்று அவர் சிரித்தார்.

"எடுக்க வேணாங்கய்யா. ஒரு பேரு சேக்கணும். வீபியுஸ். பெருசியா ஊர்க்காரன், தோத்த கட்சிச் சிப்பாய். எங்கடையிலதான் தினம் திம்பான். அவன் ஒருத்தனைத்தான் நான் பேரு சொல்லிக் கூப்பிட்டது. படை நுழைஞ்ச அன்னைக்கு ஓடி வந்து என் அடுப்புக்குப் பின்னால ஒளிஞ்சான். வெளிய ஜனம் மல்யுத்தம் பாக்குற மாதிரி நின்னு, 'பிடி, குத்து'ன்னு கத்துது, கை தட்டுது. நானும் வாசல்ல நின்னு தட்டுனேன். செயிச்சவங்க தேடிட்டு வந்தாங்க. 'இந்தா, இங்க இருக்கான்'னு…"

"யார் சொன்னது?"

"நாந்தான். யாரும் என்னைய மெரட்டல. எல்லாரும் கத்துனாங்க, எனக்கும் வாயி வந்துருச்சு."

எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

"அவனுக்குக் கல்லு கெடையாது, குழி எங்கன்னு தெரியாது. எம்பேரையும் போட்டுக்குங்க, ஊரு காறித் துப்பட்டும். அவன் பேரு வரணும்."

கால்வென்டியுஸ் கெட்டவர் இல்லை. சுருளை விரித்து, எழுதியிருந்ததை அவரே வாசித்துக் காட்டினார்: "'மக்கள் விளையாட்டைக் காண்பவர்போல் நின்றார்கள், ஒளிந்தவனைக் காட்டிக் கொடுத்தார்கள், செத்தவனுக்கும் கொன்றவனுக்கும் ஒரே கைகளால் தட்டினார்கள்.' பாத்தியா? இதுல நீயும் இருக்க, அவனும் இருக்கான்."

"என்னையத் தெரியுதுங்கய்யா. அவனைக் காணமே."

"படைத்தலைவன் பேர் வரலாம், துரோகி பேர் வரலாம். கடலை தின்ன சிப்பாய் பேரை வாசிச்சா சபை சிரிக்கும்மா. அவன் சாவைப் பாத்து இன்னொரு தரம் சிரிக்கணுமா?"

திரும்பி நடந்தோம். வழியில் ஒரே ஒரு தடவை, "சிரிப்பாங்களா அண்ணே?" என்று கேட்டாள். "சிரிப்பாங்க" என்றேன்.

மறுநாளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசிக்கிறவனுக்கு நல்ல குரல். அந்த வாக்கியத்தை அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தான். திரோபிமுஸ் துண்டை உதறக்கூட இல்லை. மண்டபம் தானாகவே எழுந்து தட்டியது. "அடடா! இன்னொரு தரம்!" என்று முன்வரிசைப் பெரியவர்கள் கூவினார்கள். நானும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

லூரியாவின் கைகளும் மடியிலிருந்து கிளம்பி நெஞ்சுவரைக்கும் வந்துவிட்டன. அவள் அவற்றைக் கீழே இறக்கி, உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.