வைகையில் மிதந்த மச்சான்

அக்காள் கணவர் புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். தூண்டில் என்றால் சோறு வேண்டாம் அவருக்கு. போன வருடம் வைகையில் தண்ணீர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு மானாமதுரைப் பக்கம் கிளம்பிவிட்டார்.

கரையில் கால் வைத்ததுமே எனக்குக் குமட்டியது. உடைந்த பாட்டில்கள், கோழிக்கழிவு மூட்டை, குழந்தைகளின் அழுக்கு நாப்கின். தண்ணீரே சாக்கடையாக நாறியது. மச்சான் எதையும் சட்டை செய்யவில்லை. முழங்கால் ஆழத்தில் நின்று தூண்டிலை வீசினார். நானும் ஒரு கம்பால் ஆற்றின் அடித்தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

இரண்டு கெண்டை மாட்டியிருக்கும். அணையில் கூடுதலாகத் தண்ணீர் திறந்திருப்பதாகவும் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்றும் சாலையில் ஓர் ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி, நுரையும் சருகும் வரத் தொடங்கின.

"மச்சான், தண்ணி ஏறுது. கரைக்கு வாங்க."

"இரு மாப்ள, இன்னும் ஒண்ணு."

நான் ஏறிவிட்டேன். அவர் திரும்புவதற்குள் தண்ணீர் தொடையைத் தாண்டியிருந்தது. பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தவர், எழுந்து நிற்கப் பார்த்தார். அந்த இழுப்பில் கால் கல்லிடுக்கில் சிக்கினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும்.

"நிக்காதீக! மல்லாக்கப் படுங்க! காலை முன்னால நீட்டுங்க!"

நல்லவேளை, கேட்டார். தூண்டிலை விட்டுவிட்டு, பாதம் முன்னே போக மல்லாந்து, கையால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்கியபடியே மிதந்தார். நான் கருவேல முள்ளில் கிழிபட்டுக்கொண்டு கரையோடு ஓடினேன். வளைவில் வேகம் தணிந்து மணல்திட்டில் அவர் தட்டியதும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. கறுப்பாக வாந்தி எடுத்தார்.

அப்போதுதான் ஆற்றுப் பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். அத்தனை பேர் கையிலும் செல்போன். ஒருவர்கூட ஒரு கயிறு தேடவில்லை. அவர்களில் ஒருவன் இறங்கி வந்து, "அந்த வளைவுல மரம் மறைச்சிருச்சுண்ணே, வீடியோல கடைசி சரியா விழல" என்று குறைப்பட்டான்.

அவனை அறையலாம் என்று கை எழுந்தது. அதற்குள் மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அதை எனக்கும் அனுப்பிவிடுங்க" என்றார். காரில் இருந்த தன் போனை எடுத்துவரச் சொல்லி என்னையே அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் போனை நீட்டி, "பாரு, எப்படி மிதக்குறேன்னு" என்றார்.

அக்கா கடைசிவரை பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "அடுப்படிப் பக்கம் வராதீக. மொதல்ல குளிங்க" என்று சொல்லி உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். என் கையிலும் அதே நாற்றம். குடிக்க முடியவில்லை.