ரைஹானின் நான்காம் நொடி

அல்மாட்டியின் டிராலிபஸ் பணிமனை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக நேரக் காப்பாளராக இருக்கும் பெண்மணி ரைஹானுக்கு ‘ஏறக்குறைய’ என்ற சொல் ஆகாது. வண்டி ஏறக்குறைய ஏழு மணிக்குக் கிளம்பியது என்று எந்த ஓட்டுநராவது சொல்லிவிட்டால், “ஏழுக்கு முன்னாடியா, பின்னாடியா? எத்தனை நிமிஷம்?” என்று கேட்டு, விடை வந்த பிறகுதான் பேனாவின் மூடியைத் திறப்பார்.

அதே கண்டிப்புடன்தான் அவர் இணைய ஏலத்திலும் கலந்துகொண்டார். நகரத்துக்குத் தெற்கே நிற்கும் மலைச் சிகரங்களை ஒவ்வொன்றாகத் தீட்டி, சோவியத் காலத்து மலையேறுவோர் சங்கம் ஒன்று வெளியிட்ட எனாமல் பேட்ஜுகள் மொத்தம் பன்னிரண்டு. அவற்றுள் பதினொன்று, ரைஹான் வீட்டுக் கூடத்தில், சட்டமிட்ட நீல வெல்வெட்டின் மீது வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. பன்னிரண்டாவதான தால்கார் சிகரத்துக்குரிய இடம் மட்டும் காலியாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் நவ்ரிஸ் என்னும் வசந்தப் புத்தாண்டுத் திருநாளில் நகரச் சேகரிப்பாளர்கள் தங்கள் சேகரிப்புகளைக் காட்சிக்கு வைப்பார்கள்; குறையுள்ள வரிசைக்கு அங்கே மேசை தருவதில்லை. நான்கு ஆண்டுகளாக அவர் வெறும் பார்வையாளராகவே போய்வந்தார்.

இந்த நிலையில்தான், பிப்ரவரி இறுதி ஞாயிற்றுக்கிழமையன்று, மாஸ்கோ நேரத்தில் இயங்கும் ஏலத் தளம் ஒன்றில் தால்கார் விற்பனைக்கு வந்தது. ஏலம் ஒரு வாரம் நடக்கும்.

ரைஹான் எந்தப் பொருளையும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஏலம் முடிய நான்கு நொடிகள் இருக்கும்போது, தம் உச்ச விலையை ஒரே முறை இடுவார். ஐந்து நொடி என்றால் எதிராளி விழித்துக்கொள்வான். மூன்று என்றால் இணையம் தாமதித்துவிடும். பணிமனைத் தோழி ஜூப்பாருக்கு இந்த முறை ஒருபோதும் விளங்கியதில்லை.

“என்ன விலை கொடுக்க முடியுமோ அதை முதல்லயே போட்டுட்டு நிம்மதியாப் போகலாமே அக்கா. எதுக்கு இப்படி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

“பழைய குதிரைச் சந்தையில சட்டைக் கைக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்களே, எதுக்குன்னு நினைக்கிற? பக்கத்துல நிக்கிறவன் பாத்துடக் கூடாதுன்னுதான். நமக்கு ஆசை இருக்குன்னு தெரிஞ்சா, வேணாம்னு இருந்தவனுக்கும் ஆசை வந்துடும்.”

“அப்போ போன வருஷம் ரெண்டு தடவை தோத்தீங்களே?”

“ஒரு தடவை இணையம் இழுத்துச்சு. இன்னொரு தடவை, குலான்ங்கிற பேர்ல ஒருத்தன் என்னைவிடப் பெரிய தொகையா, ரெண்டு நொடி இருக்கும்போது போட்டான். முறை தோக்கலை. நான் தோத்தேன்.”

இந்தக் குலான்தான் அவருடைய நிரந்தர எதிராளி. எந்த ஊரென்று தெரியாது. ஓம்ஸ்க் நகரத்துக்காரன் என்று ரைஹான் தாமாகவே முடிவு செய்திருந்தார்.

தால்காரைக் கண்ட அன்றே நோட்டை எடுத்து, பொருளின் பெயர், உச்ச விலை, முடியும் நேரம் மூன்றையும் எழுதினார். மாஸ்கோவில் மார்ச் மூன்று, பிற்பகல் இரண்டு மணி. அதனுடன் மூன்றைக் கூட்டினால் அல்மாட்டியில் மாலை ஐந்து. நோட்டின் முதல் பக்கத்திலேயே, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ‘மாஸ்கோ + 3’ என்று எழுதிக் கட்டம் கட்டியிருந்தார்.

புதன்கிழமை ஒரே ஒரு முறை பக்கத்தைத் திறந்து பார்த்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத் தளம் எண்ணிக் காட்டும் என்பதால், அடிக்கடி திறப்பதும் ஆசையைக் காட்டிக்கொடுப்பதே என்பது அவர் கொள்கை. அன்று இருவர் கேட்டிருந்தனர். முன்னணியில் இருந்தவர் பெயர்கூட இல்லாத ஒரு புதியவர். பயனர் 40518 என்று மட்டும் இருந்தது.

அன்று தேநீரின்போது, “எவனோ ஒரு அப்பாவி வந்திருக்கான்,” என்றார் கணவர் மெய்ராமிடம். “நாலு நாளைக்கு முன்னாடியே முகத்தைக் காட்டிட்டான். விருந்தாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமா டீ ஊத்தணும்னு தெரியாம, முதல் ஊத்துலயே கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்புறவன் மாதிரி.”

டாக்ஸி ஓட்டும் மெய்ராம் அதிகம் பேசாதவர். “பாவம், அவனுக்கும் ஆசையா இருக்குமோ என்னவோ,” என்று சொல்லிவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, மார்ச் முதல் நாள், நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. அல்மாட்டி தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. பணிமனையில் அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவரே ரைஹான்தான். பதினான்கு கடிகாரங்களையும் தம் கையால் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்டார். வீட்டுக்கு வந்து சமையலறைக் கடிகாரம், கைக்கடிகாரம், கணவரின் காரில் இருந்தது என ஒன்றையும் விடவில்லை.

ஞாயிறு மாலை நாலே முக்காலுக்கு வீடு போர்க்கோலம் பூண்டது. மின்கெண்டியைப் போட்டால் விளக்கு மங்கி இணையம் துண்டிக்கப்படும் என்பதால் அதன் இணைப்பைப் பிடுங்கினார்.

“கிழவரே, அஞ்சு மணி வரைக்கும் டீ கிடையாது. இருமலும் கிடையாது.”

“தும்மல்?”

“அடுத்த வீட்டுல போய்த் தும்முங்க.”

மெய்ராம் கைப்பேசியுடன் சமையலறைக்குள் ஒதுங்கினார். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் ரைஹான் பக்கத்தைத் திறந்தார்.

‘ஏலம் முடிந்தது. பொருள் விற்கப்பட்டது.’

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. கைக்கடிகாரமும் சரியாகவே இருந்தது. பிறகு நோட்டைத் திருப்பி, கட்டம் கட்டிய அந்த மூன்றைப் பார்த்தார். ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் திருப்பியவர், இந்த ஓர் எண்ணைத் திருப்ப மறந்திருந்தார். மாஸ்கோவில் மணி இரண்டு அடித்தபோது அல்மாட்டியில் நான்குதான். அந்த நேரத்தில் அவர் சாவகாசமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

விற்ற விலை அதைவிட வலித்தது. அவர் எழுதிவைத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. புதன்கிழமைக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை, குலான்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சேகரிப்பாளர்களின் இணையக் குழுவில் குலானே சற்றுமுன் எழுதியிருந்தார்: ‘அல்மாட்டி நண்பர்களே, என்னைப் போல ஐந்து மணி என்று நினைத்துக் காத்திருந்தவர்கள் வேறு யாரேனும் உண்டா?’ ஓம்ஸ்க் எதிராளி, இதே ஊரில், இதே தவறைச் செய்துகொண்டிருந்தார்.

“உண்டு,” என்று ரைஹான் திரையைப் பார்த்துச் சொன்னார். இன்னொரு நவ்ரிஸும் வெறும் பார்வையாளராகத்தான் போகவேண்டும் என்று அவர் எண்ணிய வேளையில், சமையலறை வாசலில் மெய்ராம் வந்து நின்றார்.

“சூயின்ஷி,” என்றார்.

நற்செய்தி கொண்டுவருபவர், அதைச் சொல்லுமுன் பரிசு கேட்கும் சொல் அது. ரைஹான் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“விளையாடுற நேரமா இது?”

“பரிசு தரேன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்.”

“சரி, தரேன். சொல்லுங்க.”

“இப்பதான் பாத்தேன்,” என்று மெய்ராம் கைப்பேசியை நீட்டினார். ‘வாழ்த்துகள், பயனர் 40518. தால்கார் உங்களுடையது.’

ரைஹான் இரண்டு முறை படித்தார். “அந்த அப்பாவி நீங்களா?”

“நீ ரெண்டு தடவை தோத்ததைப் பாத்தேன். நோட்டுல தொகை எழுதி வெச்சிருந்தே. அதை அப்படியே போட்டுட்டு பெட்ரோல் போடப் போயிட்டேன். வேற யாராவது கூடக் கேட்டா, அந்தத் தொகைக்குள்ள தளமே தேவைப்படுற அளவுக்கு மட்டும் விலையை ஏத்திக்குமாம். தேவைப்படலை.”

“நான் மட்டும் சரியான நேரத்துக்கு வந்திருந்தா, உங்களை எதிர்த்தே கேட்டிருப்பேன். ரெண்டு பேருமா சேந்து விலையை உச்சிக்கு ஏத்தியிருப்போம்.”

“அது எனக்குத் தோணவே இல்ல, கிழவி,” என்று மெய்ராம் ஒப்புக்கொண்டார்.

“முறையில ஒரு தப்பும் இல்ல. ஒரு மணி நேரம்தான் தப்பு,” என்றார் ரைஹான். தம் குரல் பணிமனைக் குரலாகத் திரும்பிவிட்டதை அவரே கவனித்தார். “பரிசு என்ன வேணும்?”

“இனிமே கடைசி நிமிஷத்துலயும் கெண்டி கொதிக்கணும்.”

அது சிறிய பரிசன்று. ரைஹான் சற்று யோசித்துவிட்டு, எழுந்துபோய்க் கெண்டியின் இணைப்பைப் பொருத்தினார். விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது. பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, மூன்றை அடித்து, இரண்டு என எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

“அடுத்த தடவை நீங்க கேக்குறதா இருந்தா மட்டும், எந்தப் பேர்ல கேக்குறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க,” என்றார், பேனாவை மூடியபடி.