களர் நிலத்தில் ஓடிய விமானம்

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அறுபது வயதுக்காரனின் அலுப்பு வந்துவிட்டது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டாலி குமாஸ்தா வேலை. எங்கள் ஊரில் கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் எங்கோ நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தோணியில்தான் வாங்கி வரவும் வேண்டும். இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போடுவது என் வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. வெயில், உப்புக்காற்று, ஓயாத ஆட்டம், குமட்டல். வீட்டுக்கு வந்து பாயில் படுத்தாலும் தரை ஆடும். ஊரில் பாதிப்பேர் வயிற்றுப்பாட்டுக்கு இதைவிட மோசமாக உழைக்கும்போது நான் மட்டும் என்ன ராஜகுமாரனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டால் அலுப்பு போய்விடுமா?

என் அண்ணன் தோணியில் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தவன். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய ஓர் ஐப்பசியில் கருவாடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு போன தோணி திரும்பவில்லை. அதில் போனவர்கள் யாருமே திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: தோணித் தொழில் வேண்டாம். அதனால் குமாஸ்தா ஆனேன். குமாஸ்தாவும் தினமும் தோணியில்தான் போகிறான் என்பது அம்மாவுக்குத் தெரிந்தபோது முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்துவிட்டது. சண்டைக் காலத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் நானும் என் மனைவியும் மிஞ்சினோம்.

சண்டை முடிந்த மறுவருஷம் ஒரு கோதுமைக் கப்பல் வந்தது. அன்று மழையும் காற்றும். எங்களைக் கரைக்கு இழுத்துவர வேண்டிய லாஞ்சு வரவில்லை. மூட்டைகளுக்கு அடியில் ஈரம் ஏறாமல் விரிக்க என்று கப்பல்காரர்கள் பழைய காகிதக் கட்டு ஒன்றைத் தோணிக்குள் வீசியிருந்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே முடங்கிக் கிடந்த நான் பொழுது போகாமல் அதில் ஒன்றை உருவினேன். ஏதோ சீமைப் பத்திரிகை. நடுவில் மடித்து வைத்திருந்த பெரிய தாளை விரித்தால் விமானம்.

ஓர் ஆள் மட்டும் உட்காருகிற சின்ன விமானம். சாதாரணத் தச்சுக் கருவிகளை வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பூட்டி, வீட்டு முற்றத்திலேயே கட்டிவிடலாம் என்று எழுதியிருந்தது. எந்த மரம், எத்தனை அங்குலம், எந்த இடத்தில் ஆணி, எந்த இடத்தில் பசை என்று எல்லாம் வரைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மூட்டை எண்ண வேண்டாத ஓர் இடம் என் தலைக்கு மேலேயே இருக்கிறது, அங்கே போகிற வழியை எவனோ ஒரு புண்ணியவான் அங்குலக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறான். ஒரு தடவை போதும். ஒரே ஒரு தடவை மேலே போய்க் கீழே பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் கோடு போடச் சொன்னாலும் போடுவேன் என்று தோன்றியது.

தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து மனைவியிடம் விரித்துக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"இது பறக்குமா?"

"பறக்கும்னுதான் போட்டிருக்கான்."

"போலீசு பிடிக்காதா?"

"மேல வந்து எப்படிப் பிடிப்பான்?"

"கீழ இறங்குவீயள்லா, அப்பம் பிடிப்பான்" என்றாள். பிறகு தாளைப் பதனமாக மடித்து என் கையில் கொடுத்து, "துணி வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது.

மர வேலைக்கு ஒருவரை விட்டால் வேறு ஆள் இல்லை. தோணி கட்டுகிற தச்சரை எங்கள் கடற்கரையில் ஓடாவி என்போம். கடற்கரைக் கொட்டகையில் வேலை செய்த அந்த ஓடாவிதான் என் அண்ணன் போன தோணியையும் கட்டியவர். அதற்காக ஊரில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஐப்பசிக் கடலுக்கு முன்னால் எந்தத் தோணிதான் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஏலே, ஏறப்போறது ஆரு?"

"நான்தான் அண்ணாச்சி."

அவர் உளியைக் கீழே வைத்தார். இறக்கையின் நடுவே நீளமாக ஓடும் உத்திரத்தின் மேல் விரலை வைத்து, "இதுக்கு உள்ள என்ன?" என்றார்.

"ஒண்ணும் கிடையாது. மெல்லிசுப் பலகையில பெட்டி மாதிரி அடிக்கணும். உள்ள வெறும் பொள்ளல். கனமே இருக்கக் கூடாதாம்."

"பொள்ளல்" என்றார் அவர். உளியை மறுபடி எடுத்துக்கொண்டு, "சரி, அளவ வாசி" என்றார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பட்ட பாட்டை எழுதினால் எனக்கே இப்போது மூச்சு வாங்கும். கட்டுமரத்துக்கென்று மலையாளத்திலிருந்து வருகிற லேசான மரத்தில் பார்த்துப் பார்த்து வாங்கினேன். பட்டாளத்தார் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று கிடைத்தது. அதன் இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஓடவைப்பதற்குள் என் விரல் நகங்கள் கறுத்துப்போயின. துணிக்கோ ரேஷன். கிடைத்த காடாத்துணியையெல்லாம் சேர்த்து என் மனைவி தைத்தாள். துணியை விறைப்பாக்க ஒரு சீமை வார்னிஷ் பூசச் சொல்லியிருந்தது. அதற்கு எங்கே போக? புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சிப் பூசினோம். முரசுத்தோல் போல விறைத்தது. வாசலில் காயவைத்த வால்பகுதியை அடுத்த வீட்டு ஆடு ருசி பார்த்துப் பாதியைத் தின்றுவிட்டது. ஆட்டுக்காரியோடு நான் போட்ட சண்டையைக் கேட்டுத் தெருவே கூடியது. என் மனைவி வாலைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. "என்ன அண்ணாச்சி, கொழும்புக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று துறைமுகத்தில் கேட்பார்கள். நானும் கோபப்படாமல், உங்களை ஏற்றினால் சுங்கம் கேட்பான் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொட்டகைக்குப் போய் அளவுநாடாவை வைத்துப் பார்ப்பேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் தாளில் போட்டபடியே இருக்கும். ஓடாவி பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில்தான் நான் கொஞ்சம் மனிதனாக இருந்தேன் என்று நினைக்கிறேன். தோணியில் குமட்டினால்கூட, ஆடட்டும், எத்தனை நாளைக்கு ஆடும் என்று இருந்தது.

உப்பளங்களுக்கு அப்பால் ஒரு களர் நிலம் உண்டு. புல் முளைக்காது, வெயில் காலத்தில் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடக்கும். அங்கே கொண்டுபோய்ப் பாகங்களைப் பூட்டுவது என்று ஏற்பாடு. ஒருவனே தூக்கலாம் என்று தாளில் போட்டிருந்த இறக்கையை வண்டியில் ஏற்ற உப்பளத்து ஆட்கள் நாலைந்து பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "என்ன அண்ணாச்சி இந்தக் கனம் கனக்கு?" என்றேன். "துணி, பசை எல்லாம் சேந்தா கனக்கத்தானலே செய்யும்" என்றார் ஓடாவி. எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

அன்று காலையில் கடலிலிருந்து மெல்லிய கொண்டல் காற்று வீசியது. என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். ஓடாவி எங்களோடு நிற்காமல் தள்ளி ஓர் உடைமரத்தடிக்குப் போய்விட்டார். இன்ஜின் ஓடியது. நான் ஏறி உட்கார்ந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பலகையில் உட்கார்ந்தபோது எனக்குத் தரை ஆடவில்லை. காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பி ஓட விட்டேன். ஓடியது, நன்றாகவே ஓடியது. வால் தூக்கியது. சக்கரம் மட்டும் மண்ணை விடவில்லை. நிலம் முடிகிற இடம் வரைக்கும் போய், திருப்பி, மறுபடி விட்டேன். மறுபடியும் ஓடியது. இன்ஜின் கொதித்துப் புகைகிற வரைக்கும் விட்டேன். பிறகுதான் இறங்கினேன்.

"அண்ணாச்சி, வண்டி நல்லா ஓடுது. உப்பு ஏத்தலாமே" என்றான் உப்பளத்து ஆள் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க. உடைமரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். ஓடாவி அங்கே இல்லை.

இறக்கையைக் கழற்றி வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதன் ஓரத்தில் துணியைக் கொஞ்சம் கிழித்து, உத்திரத்தில் துளை போட்டேன். மெல்லிய பலகைதானே, இரண்டு திருப்பில் துளைக்கருவி உள்ளே விழ வேண்டும். விழவில்லை. திருகத் திருகத் தூள் வந்தது. முதலில் வெள்ளைத் தூள், பிறகு பழுப்புத் தூள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். தேக்கு. வெளியே என் அளவு; உள்ளே முழுக்கத் தேக்கு.

கொட்டகைக்கு நான் போன வேகத்தில் எதிரே வந்தவர்கள் விலகினார்கள். மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீய அண்ணாச்சி? பொள்ளல்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

அவர் மறைக்கவில்லை. "பொள்ளலா இருந்தா ஒடிஞ்சிரும்லே."

"ஒடியாதுன்னுதான கணக்குப் போட்டுக் குடுத்திருக்கான்!"

"கணக்கு" என்றார். குந்தி உட்கார்ந்துகொண்டார். "உங்க அண்ணன் போன தோணிக்கும் கணக்குத்தான். உள்ள குறுக்குக் கட்டை நெருக்கமா இருந்தா சரக்குக்கு எடம் அடைக்கும், கொறச்சுப் போடுன்னாரு மொதலாளி. ஒண்ணும் ஆவாதுன்னாரு. நானும் கொறச்சேன். மொத நடை போயிட்டு வந்து உங்க அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டு, நல்லா லேசா ஓடுது அண்ணாச்சின்னான். இப்பம் நீ வந்து லேசா வேணும்ங்கே."

இத்தனை வருஷமும் ஊர் அவரைக் கேட்காமல் விட்டதை அவர் தன்னையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா உன் பொண்டாட்டி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? சொல்லு" என்றார். பிறகு எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தார். "கோவப்படாத. எறக்கையக் கொண்டா. அறுத்து உள்ள உள்ளத எடுத்துட்டு, நீ சொன்ன மாதிரியே பொள்ளலா அடிச்சுத் தாரேன். செஞ்சிருவேன்."

செய்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. செய்து கொடுத்துவிட்டு, நான் இறங்குகிற வரைக்கும் எங்கேயாவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் திடீரென்று பெரும் அலுப்பாக இருந்தது. வெளிக்கடலில் மூட்டை எண்ணி வருகிற அலுப்பு அல்ல இது. அவர் கையிலிருந்த ரம்பத்தை வாங்கி மறுபடி சுவரில் மாட்டினேன். "வேண்டாம் அண்ணாச்சி. விட்டுருங்க" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி நான் கிழித்த இடத்தில் ஒட்டுப் போடத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். தேக்கைச் சொன்னேன், அண்ணன் தோணியைச் சொன்னேன், வேண்டாம் என்று நான் சொன்னதையும் சொன்னேன். நல்லதாப் போச்சு என்பாள், மாதாவுக்கு ஒரு மெழுகுதிரிகூட ஏற்றிவைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அறுத்துத் தாரேன்னாரா?"

"ஆமா."

"நீங்கதான் வேண்டாம்னியளா?"

"பாவம்லா, அந்த மனுசன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கும் பயந்தான்" என்றாள். "மெஷின்ல உக்காரும்போதெல்லாம், ரெட்டத் துணியா வச்சுத் தச்சிருவோமா, ஒருத்தருக்கும் தெரியாதுன்னு தோணும். கை துணிய எடுத்துரும். பொறவு எடுத்ததக் கீழ வச்சிருவேன். நீங்க சொன்ன அளவுக்கு மேல ஒரு தையல் போடல. நீங்க பறக்கணும்லா."

நான் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள், ஆனால் பேச்சை விடவில்லை.

"அவரு பயந்தாருன்னு வேண்டாம்னுட்டு வந்திட்டீய. நான் பயந்துகிட்டே தச்சேனே, அதுக்கு என்ன செய்யப் போறீய?"