முற்றத்தில் ஒரு மஞ்சள் பை

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் தொடக்கத்தில், அரியலூரிலிருந்து ஜெருசலேமுக்குத் திருப்பயணம் போன குழுவில் நானும் என் கணவரும் இருந்தோம். நான் வரதராஜன்பேட்டையில் பிறந்த கத்தோலிக்கப் பெண், பள்ளி ஆசிரியை. அவர் கல்லங்குறிச்சிப் பெருமாளைக் கும்பிடும் மக்காச்சோள விவசாயி. "உன் சாமி நடந்த ஊரையும் ஒருவாட்டி பாத்துட்டு வந்துருவோம்" என்று கிளம்பி வந்தவர்.

அந்த ஊர் எனக்குக் கடைசிவரை நிஜமாகவே தோன்றவில்லை. ஒரு சந்தில் மசூதியின் பாங்கு கேட்கும், அடுத்ததில் தேவாலய மணி. கறுப்புத் தொப்பிக்கார யூதர்கள் வேதத்தை முணுமுணுத்தபடி கடந்து போவார்கள். கல் சுவர்களில் விழும் வெயில்கூடத் தேன் நிறம். மூலைக்கு மூலை துப்பாக்கியோடு நின்ற போலீஸாரும் ஏதோ கனவில் வருகிறவர்களாகவே தெரிந்தார்கள்.

இயேசுவின் கல்லறைக் கோயில் வாசலில் இவர் நின்றுவிட்டார்.

"செருப்போடயா உள்ள போறது?"

"இங்க யாரும் கழட்டலங்க. சும்மா வாங்க."

"அவங்க கழட்டலன்னா நமக்கென்ன? நீ போ, நான் வரேன்."

எனக்கு எரிச்சல். பிடிவாதம் பிடித்தால் அவரை அசைக்க முடியாது. விட்டுவிட்டு உள்ளே போனேன். அரையிருட்டு, மெழுகு வாசனை, தொங்கும் விளக்குகள். ஆண்டவரின் உடலைக் கிடத்தியதாகச் சொல்லும் கல்லில் நெற்றியை வைத்தேன். தைலம் மணக்கும் குளிர்ந்த கல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அழுதிருக்கிறேன் என்பதே எழுந்த பிறகுதான் தெரிந்தது.

இவரைக் காணோமே என்று வெளியே வந்தால் ஒரே விசில் சத்தம். போலீஸார் எல்லோரையும் முற்றத்திலிருந்து சந்துக்குத் தள்ளிக் கயிறு கட்டினார்கள். ஒரு கன்னியாஸ்திரி, டீ விற்கிற முஸ்லிம் பெரியவர், ஒரு கறுப்புத் தொப்பிக்காரர், நான், எல்லோரும் ஒரே நெருக்கடியில். காலியான முற்றத்தில் சுவரோரமாக ஒரு பை கிடந்தது. அதில் வெடிகுண்டு இருக்கலாமாம்.

மஞ்சள் பை. எங்கள் ஊர் ஜவுளிக்கடைப் பை! கல்லங்குறிச்சியில் சனிக்கிழமைக் கூட்டத்தில் தொலையாமல் இருக்க, செருப்பைப் பையில் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போவது இவர் வழக்கம். அதையேதான் இங்கேயும் செய்திருக்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. தினமும் பாடம் நடத்துகிற இங்கிலீஷில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "செருப்பு, செருப்பு" என்று தமிழில்தான் கத்துகிறேன்.

அப்போது கோயில் கதவைத் தாண்டி இவர் வெறுங்காலோடு வந்தார். நெற்றியில் தைலம், முகத்தில் எங்கோ தூரத்துச் சிரிப்பு. அவ்வளவு பெரிய முற்றத்தில் அவர் ஒருவர்தான். நேராகப் பையை நோக்கி நடந்தார். நாலு பக்கமும் அதட்டல். துப்பாக்கிகள் அவர் மேல் திரும்பின.

"ஏங்க, நில்லுங்க! பையத் தொடாதீங்க! கையத் தூக்குங்க!"

வீட்டில் என் பேச்சை ஒருநாளும் கேட்காத மனிதர் அன்று கேட்டார். கோபுரத்தைக் கும்பிடுகிற மாதிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

அதற்குள் எங்கள் வழிகாட்டி ஓடிவந்து போலீஸாரிடம் விளக்கினார். ஓர் இளம் போலீஸ்காரி பையைக் கொட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். விழுந்தவை இரண்டு செருப்புகள், அடியில் எங்கள் நிலத்துக் கரிசல் காய்ந்து ஒட்டியபடி. டீக்காரப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏன் கழற்றினார் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெரியவரே தன் காலையும் வானத்தையும் காட்டிப் பதில் சொன்னார். அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

இவர் செருப்பை அங்கே போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, முற்றம் தாண்டிச் சந்துக்கு வந்த பிறகுதான் போட்டார். "ஏம்மா, ஒரு செருப்புக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார். அத்தனை பேர் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

உலகத்தில் பாதிப் பேர் சாமி கும்பிடுகிற ஊரில், இது சாமி இருக்கும் இடம் என்று நம்பிச் செருப்பைக் கழற்றி வைத்த ஒரு மனிதருக்காக நாங்கள் அத்தனை பேரும் நடுங்கி நின்றோமே என்று நினைத்தால், இன்றைக்கும் சிரிப்பு வருவதற்கு முன்னால் நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன்.