ஆயிரம் டிகிரியில் காய்ந்த மணிகள்

என் வீடு இருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஆய்வுக்கூடம் போய்ச் சேருவதற்குள் பாலத்து நெரிசலில் எனக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியை நுண்ணோக்கி எடுத்துக்கொள்ளும். பழைய வெள்ளீயச் சுரங்கத்துக் கறுப்பு மணலிலிருந்து சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளை இடுக்கியால் பொறுக்குவதுதான் அப்போது என் வேலை.

ஒவ்வொரு மணிக்குள்ளும் துளி யுரேனியம் உண்டு. அதன் கதிர்வீச்சு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அக்கம்பக்கத்து அணுக்களை இடித்துத் தள்ளி, படிகத்தின் ஒழுங்கைக் குலைத்திருக்கும். குலைவு அதிகமென்றால் எக்ஸ்ரே வரைபடத்தின் முனைகள் மழுங்கிவிடும். அந்த மழுங்கலை அளக்கத்தான் இரண்டு மாதம் பொறுக்கினேன்.

கழுவிய மணிகளை நூற்றுப்பத்து டிகிரியில் காயவைக்க வேண்டும். உலையைக் கடைசியாகத் தொட்டவர் அந்த அளவுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அதை நம்பி, எண்ணைப் பார்க்காமலே பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வரைபடத்தில் முனைகள் ஊசி ஊசியாக நின்றன. கூட வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அழகா வந்திருக்கு லா, அக்கா. சேதமே இல்ல போல."

சேதமே இல்லாமல் இருக்க வழியில்லையே என்று உலையைப் பார்க்கப் போனேன். ஆயிரம் என்று காட்டியது. அந்தச் சூட்டில் அணுக்களெல்லாம் பழையபடி வரிசைக்குத் திரும்பிவிட்டிருந்தன. யாரைத் திட்டலாம் என்று பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு முன்பு உலையைத் தொட்டவளும் நான்தான்.

கோடி ஆண்டுச் சேதம் ஒரே ராத்திரியில் ஆறிவிட்டது. இரண்டு மாதம் குனிந்திருந்த என் கழுத்து மட்டும் அப்படியே வலித்தது.